சுவாரசியமான சோதனை

கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்வது தொழில். அதற்குச் சன்மானமும் உண்டு. ஆகையால் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்று இங்கே ஒப்புக்கொண்டால் வாசகர்கள் யாரும் திடுக்கிடப் போவதில்லை. "இத்தனை வருஷமாக அதைத்தானே ஐயா செய்துகொண்டிருக்கிறீர்!" என்று சிரிப்பார்கள். ஆனால் கதையில் நான் சொல்லும் பொய் பிடிக்காவிட்டால் படிக்கிறவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போகலாம். பலர் அப்படிப் போயிருப்பதாக என் பதிப்பாளர் கணக்கு அனுப்பும்போதெல்லாம் தெரிந்துகொள்கிறேன். இப்போது சொல்லப்போகிற பொய் வேறு ரகம். அதைக் கேட்ட பெண்ணால் எழுந்து போக முடியவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது ராமாநுஜர் பிறந்த ஊர் என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். 1991க்குப் பிறகு, "ராஜீவ் காந்தி இறந்த ஊரா?" என்று கேட்டார்கள். இப்போது, "எந்தக் கம்பெனியில் வேலை?" என்று கேட்கிறார்கள். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஹூண்டாய் கார் வெளியே வந்தபோது வேடிக்கை பார்த்தவர்களுக்கு, இந்தப் பக்கத்து ஏரிக்கரைகளும் வேர்க்கடலைக் காடுகளும் என்ன ஆகப்போகின்றன என்று தெரிந்திருக்காது. 2006ல் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கியது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடியும் விட்டது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. ஒரகடத்தில் லாரி, மோட்டார் சைக்கிள், டயர். சுங்குவார்சத்திரத்தில் மறுபடியும் செல்போன். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து, தூக்கம் கலையாத பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. இன்னொரு வரிசை, தூங்காத பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி ஒன்றைத் திறந்தார்கள். அது விடுதியல்ல, ஓர் ஊர்.

விடுதியில் இடம் கிடைக்காதவர்களும், விடுதிக் கட்டுப்பாடு பிடிக்காதவர்களும் எங்களைப் போன்றவர்கள் வீட்டு மாடிகளில் இருக்கிறார்கள். என் மாடியில் எட்டுப் பெண்கள். வாடகை ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடும். அவர்கள் இருக்கிறார்கள் என்பதே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால்தான் தெரியும். இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நான் வீட்டுக்காரன், அவர்கள் குடித்தனக்காரர்கள்.

என் தங்கையின் மகள் சென்னையில் மனோதத்துவம் படிக்கிறாள். எம்.ஏ. பரீட்சைக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டுமாம். ஷிப்டு வேலை பார்க்கிறவர்களின் கவனம் எவ்வளவு நேரத்தில் தளர்கிறது என்பது அவள் விஷயம். டெலிபோனில் கூப்பிட்டு, "மாமா, உங்கள் மாடியில் எட்டுப் பேர் இருக்கிறார்களே!" என்றாள், மாமரத்தில் எட்டுப் பழம் இருப்பதைக் கண்டவள் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாப்டாப்பும் காகிதக் கட்டுமாக வந்து இறங்கினாள். சோதனை இதுதான்: திரையில் ஒரு வட்டம். அதன் ஓரமாக ஒரு புள்ளி, நொடிக்கு ஓர் அடி என்று கடிகார முள் போல நகர்கிறது. எப்போதாவது ஒரு தடவை இரண்டடியாகக் குதிக்கும். குதித்தால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். நாற்பது நிமிஷம்.

"இதை நீயே கண்டுபிடித்தாயா?" என்றேன்.

"இல்லை மாமா. மாக்வொர்த் என்று ஓர் ஆங்கிலேயர். யுத்த காலத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீர்மூழ்கிக் கப்பலைக் கோட்டைவிட்டுவிட்டார்கள். ஏன் என்று பார்ப்பதற்காகச் செய்தது. 1948ல் வெளியிட்டார். அவர் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். முதல் அரை மணிக்குள்ளேயே கண் ஏமாற ஆரம்பித்துவிடுகிறது."

இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் என்னை உட்கார வைத்தாள். முதல் ஐந்து நிமிஷம் உற்சாகமாகத்தான் இருந்தது. புள்ளி குதித்தது, அழுத்தினேன், பிரமாதம். எட்டாவது நிமிஷம் கோயில் மணி கேட்டது. பத்தாவது நிமிஷம், பாதியில் நிற்கும் என் நாவலின் கதாநாயகி ஞாபகம் வந்தது. அவளைக் கும்பகோணத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது புள்ளி குதித்ததா இல்லையா என்று சந்தேகமாகிவிட்டது. பிறகு வந்தது வெறும் சலிப்பல்ல. யாரோ என் நேரத்தைக் கையில் வாங்கி, என் எதிரிலேயே ஒவ்வொரு பைசாவாகச் சாக்கடையில் போடுவதைப் போல ஒரு கோபம். இருபத்திரண்டாவது நிமிஷம், கால் மரத்துப்போய்விட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். கால் மரக்கவில்லை. அது அன்றைய முதல் பொய். சின்னது.

மருமகள் சிரித்தாள். என் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாயில் வைக்கும்போது மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தாள்.

இருபத்தொரு வயது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம். பெயர் வேண்டாம். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, நாலு மணி நேரம் தூங்கி எழுந்திருந்தாள். தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தவளை என் மருமகள் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கும் ஐயா?" என்று கேட்டாள்.

"சுவாரசியமாக இருக்கும் அம்மா! ஒரு விளையாட்டு மாதிரிதான். உட்காரு, உட்காரு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. மருமகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். கையில் காப்பி இருந்தது, மனசு குளிர்ந்திருந்தது. இந்த மாதிரி நேரங்களில்தான் மனிதன் பிறருடைய நேரத்தைத் தாராளமாக வழங்குகிறான்.

மருமகள் ஒரு காகிதத்தை வாசித்துக் காட்டினாள். இதனால் உங்களுக்குத் தீங்கு எதுவும் நேராது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். பெண் கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்து நாற்காலியில் பத்திரிகையுடன் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிஷம் அவள் அசையவில்லை. நான் பத்திரிகையை இரண்டு தடவை மடித்தேன், ஒரு தடவை கொல்லைப்புறம் போய் வந்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் மருமகள் நூறு ரூபாய் வைத்த உறையைக் கொடுத்தாள். "பரவாயில்லை அக்கா" என்று கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டு வேளையில் மருமகளுக்கு ஒரே ஆனந்தம். "இந்தப் பெண்ணின் கவனம் தளரவே இல்லை மாமா! கோடு கீழே இறங்கவே இல்லை, பாருங்கள்!" அந்த உற்சாகத்தில் எனக்கு வேடிக்கையாக ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் கதைதான் என்னைக் குத்திவிட்டது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்று இரண்டு பேர் ஒரு சோதனை நடத்தினார்கள். 1959ல் வெளியானது. மனோதத்துவம் படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது பாலபாடமாம். மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ஒரு தட்டில் 12 நூல் உருளைகளை ஒரே கையால் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கியதும் கொட்டிவிட்டு மறுபடியும் அடுக்க வேண்டும். அரை மணி நேரம். பிறகு ஒரு பலகையில் 48 சதுர முளைகள். ஒவ்வொன்றையும் கால் திருப்பு திருப்ப வேண்டும், எல்லாம் முடிந்ததும் மறுபடியும் முதல் முளை. இன்னோர் அரை மணி நேரம். பக்கத்தில் ஒருவர் கையில் கடிகாரத்துடன் ஏதோ மும்முரமாகக் குறித்துக்கொண்டிருப்பார். உண்மையில் குறிக்க ஒன்றுமில்லை. சலிப்பூட்டுவதுதான் நோக்கம்.

சோதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். "வெளியே அடுத்த ஆள், ஒரு பெண், காத்திருக்கிறாள். அவளிடம் போய், இது ரொம்பச் சுவாரசியமாக இருந்தது என்று சொல்ல முடியுமா? பணம் தருகிறோம்" என்று கேட்டார்கள். சிலருக்கு ஒரு டாலர், சிலருக்கு இருபது டாலர். சொன்னார்கள். பிறகு, வேலை நிஜமாகவே எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டபோது, இருபது டாலர் வாங்கியவர்கள் சுமார் என்றார்கள். ஒரு டாலர் வாங்கியவர்களோ நன்றாகவே இருந்தது என்றார்கள்! இருபது டாலர்க்காரனுக்குத் தான் ஏன் பொய் சொன்னோம் என்பதற்குக் காரணம் கையில் இருக்கிறது. ஒரு டாலருக்குப் பொய் சொன்னவனுக்கு அது போதவில்லை. ஆகவே அவன் பொய்யையே நம்ப ஆரம்பித்துவிடுகிறான்.

"அந்தப் பெண் பாவம், அப்புறம் என்ன செய்தாள்?" என்று கேட்டேன்.

"அவள் இவர்கள் ஏற்பாடு செய்த ஆள்தான் மாமா. காத்திருப்பதாக நடித்தாள். கடைசியில் எல்லா உண்மையையும் சொல்லிப் பணத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்."

அங்கே பொய்யைக் கேட்டவள் நடிகை. என் வீட்டில் கேட்டவள் நிஜம். அங்கே ஒரு டாலராவது உண்டு; இங்கே ஒரு டம்ளர் காப்பி. இன்னும் வெட்கமான விஷயம் ஒன்று: கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் என் மனைவியிடம், "அப்படியொன்றும் மோசமில்லை, ஒரு மாதிரி சுவாரசியமாகத்தான் இருந்தது" என்று சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு நிமிஷத்தில் எழுந்து ஓடிய நான்!

அந்த ஸ்டான்போர்டு கட்டுரையை மருமகள் தன் லாப்டாப்பில் வைத்திருந்தாள். சாயங்காலம் அதை வாங்கிப் படித்தேன். மொத்தம் 71 பேர். அதில் 11 பேரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஐந்து பேர் ஏதோ சூது இருக்கிறதென்று சந்தேகப்பட்டவர்கள், சரி, போகட்டும். மற்ற ஆறு பேர் யார் தெரியுமா? இரண்டு பேர் அந்தப் பெண்ணிடம், "இது மகா சலிப்பு, சுவாரசியம் என்று சொல்லச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார்கள்" என்று போட்டு உடைத்துவிட்டார்கள். மூன்று பேர் பணமே வேண்டாம், பொய்யும் சொல்ல மாட்டோம் என்றார்கள். இன்னொருவர் பொய்யைச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு மனசு கேட்காமல், அவளுடைய டெலிபோன் நம்பரைக் கேட்டு, பிறகு கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறேன் என்றார். அவள் முடித்து வரும்வரை காத்திருக்கவும் தயார் என்றார். சாஸ்திரப்படி நீக்கியது நியாயம்தான். சொன்னபடி பொய் சொன்னவர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இவர்களுக்கு இடமில்லை. ஆனால் அந்த 71 பேரில் நான் யாராக இருக்க ஆசைப்படுவேன் என்று கேட்டால், அந்தக் கடைசி ஆளாக. பிரபலமான அந்த முடிவை விட அவரைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை.

ராத்திரி மருமகளோடு விவாதம் வந்தது. அவள் நல்ல பெண். விட்டுக்கொடுக்காமல் பேசினாள். "சலிப்பில்லாமல் சலிப்பை எப்படி மாமா ஆராய்வது? ரயில் டிரைவர், ஆஸ்பத்திரியில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் நர்ஸ், இவர்கள் கண் எப்போது ஏமாறும் என்று தெரிந்தால்தானே நடுவில் ஓய்வு கொடுக்கச் சொல்ல முடியும்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது சரி. நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கத் தவறினால் எத்தனை பேர் மூழ்கிப் போவார்கள்! அதற்காகச் சிலர் சில மணி நேரம் சலிப்பது பெரிய விலையல்ல.

"அப்படியானால் சலிப்பாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடேன்."

"சொன்னால் அதுவே முடிவைப் பாதிக்கும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார்."

குருவின் வார்த்தை. எங்கள் ஊரில் பிறந்தவர் ஒருவர், ஒருவருக்கும் சொல்லாதே என்று குரு சொன்னதைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி நின்று ஊருக்கே சொன்னார் என்பார்கள். அதை ஞாபகப்படுத்தினேன். "அவருக்கு எம்.ஏ. மார்க் தேவைப்படவில்லை மாமா" என்றாள்.

பிறகு அவள் ஒரு விதியைக் காட்டினாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல் வெளியிட்ட நெறிமுறையில், குறைந்தபட்ச ஆபத்து என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறது. சாதாரண மனிதனுடைய அன்றாட வாழ்க்கையில் நேரக்கூடியதைவிட அதிகமான தீங்கோ அசௌகரியமோ இல்லாவிட்டால் அது குறைந்தபட்ச ஆபத்து. "சலிப்பு எல்லோருக்கும் தினமும் வருவதுதானே? ரேஷன் கடை வரிசையில் நிற்பதில்லையா?" என்றாள்.

நல்ல விதிதான். ஆனால் அந்த அன்றாடம் யாருடைய அன்றாடம்? மாடியில் இருக்கும் பெண்ணுக்கு எட்டு மணி நேரமும் இதே வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன போர்டு வந்து நிற்கும். பற்றுவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு போர்டு என்று ஒரு நாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அன்றாடத்தை அளவுகோலாக வைத்தால் எந்தச் சலிப்பும் தீங்காகாது. ஏற்கெனவே மூட்டை தூக்குகிறவன்தானே, இன்னொரு படி அரிசியை மேலே வைத்தால் என்ன என்பது போல. அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றுதான் அன்றாடம் இல்லாதது. அதில்தான் நாற்பது நிமிஷத்தை எடுத்தோம்.

சலிப்பு சாதாரணச் சங்கடம் என்பதற்கும் எதிர்ச்சாட்சி இருக்கிறது, அதையும் மருமகளே சொன்னாள். 2014ல் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் நடந்தது. சும்மா ஓர் அறையில் 15 நிமிஷம் தனியாக உட்கார வேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் மின்சார அதிர்ச்சி. காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்போம் என்று முன்பு சொன்னவர்கள்தான். இருந்தும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்துவிட்டார்கள். சும்மா இருப்பதற்கு ஷாக் மேல் என்று தோன்றியிருக்கிறது!

மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். டெலிபோன் நம்பர் கேட்ட அந்த அமெரிக்க மாணவரை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"நேற்று அந்தச் சோதனை எப்படி இருந்ததம்மா?"

"நல்லாத்தான் இருந்தது ஐயா."

"இல்லையம்மா. நான் சொன்னது பொய். எனக்கே தாங்கவில்லை. பாதியில் எழுந்துவிட்டேன்."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எழுந்து போகலாம்னு அக்கா சொன்னாங்க. ஆனா நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்களே ஐயா. லைன்லயும் அப்படித்தான், மாத்தி விட ஆள் வந்தாத்தான் எழுந்திருக்க முடியும். பழக்கம்தான்."

குறை சொல்லும் குரல் இல்லை. விவரம் சொல்லும் குரல். என் வீட்டில் என் கூடத்தில், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதிய காகிதத்துக்கு என்ன மதிப்பு? வாடகைக்கு வைத்தவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் சுவாரசியமாக இருக்கும் என்றும் சொன்னவன். நான் கொல்லைப்புறம் போன அந்த ஐந்து நிமிஷத்தில்கூட அவள் நான் திரும்பி வரும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

மருமகளிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். அவளுக்கு வேறொரு கவலையும் வந்துவிட்டது. இறங்காத அந்தக் கோடு கவனத்தின் கோடா, பயத்தின் கோடா? பயந்து உட்கார்ந்தவளின் கண்ணை வைத்து ஷிப்டுத் தொழிலாளியின் கவனத்தைப் பற்றி என்ன எழுதுவது? சலித்துப்போனவர்கள் சரியாகச் செய்யவில்லையென்றால் அவர்களைக் கண்டுபிடித்துக் கழிப்பதற்குத் தந்திரங்கள் இருக்கின்றனவாம். மரியாதைக்காகச் சரியாகச் செய்தவர்களைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரமும் இல்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தாள். பேராசிரியரிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. காகிதத்தில் இரண்டு வரிகளைப் பேனாவால் சேர்த்திருந்தாள். இது நாற்பது நிமிஷம், சலிப்பாக இருக்கும். பாதியில் எழுந்தாலும் நூறு ரூபாய் உண்டு. சோதனையை மாடியில் அவர்கள் அறையிலேயே வைத்துக்கொண்டாள். நான் கோயிலுக்குப் போய், இருட்டின பிறகுதான் திரும்பினேன். எனக்கு அவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று மனைவிக்குச் சந்தேகம்.

மீதி ஏழு பேரில் மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு பேர் நடுவில் எழுந்து துணி துவைக்கப் போனார்கள். இரண்டு பேர் முடித்தார்கள். ஆராய்ச்சிக்கு இது மட்டமான அறுவடை. மருமகள் முகம் அப்படியொன்றும் வாடியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் முதல் பெண்ணைக் கூப்பிட்டாள். "அன்றைக்கு நாங்கள் சரியாகச் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்றால் உன்னுடையதை இப்போதே அழித்துவிடுகிறேன்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எதுக்கு அக்கா அழிக்கணும்? நாற்பது நிமிஷம் உக்காந்தேனே!"

பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, "அந்தப் புள்ளி மொத்தம் எத்தனை தடவை குதிச்சதுக்கா?" என்று கேட்டாள்.

மருமகள் லாப்டாப்பைத் திறந்து பார்த்து, "இருபத்துநாலு" என்றாள்.

"எனக்கு இருபத்துமூணுதான் வந்தது" என்றாள் அவள். "ஐயா கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்களே, அப்பதான் ஒண்ணு போயிருக்கும்."